ஐம்புலன்களுக்கான ஆங்கிலச் சொற்களை அடுப்படியிலேயே கற்றுக்கொள்ளுங்கள்

ஐ, இயர், நோஸ், டங், ஸ்கின் என்று உறுப்புகளின் பெயரைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான். வெண்டைக்காய் நறுக்கும்போது கையில் ஒட்டுகிறதே அதை என்ன சொல்வது, மழைக்காலத்தில் அலமாரித் துணியில் வருகிற வாடைக்கு என்ன பெயர் என்று கேட்டால் குட், பேட், நைஸ் ஆகிய மூன்றோடு பலரும் நின்றுவிடுகிறோம். பட்டியலை மனப்பாடம் செய்தால் இது தீராது, பொருளைத் தொட்டும் முகர்ந்தும்தான் இந்தச் சொற்களைப் படிக்க வேண்டும்.

நம்மிடம் இதற்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதுதான் இரட்டைக்கிளவி. அவற்றில் பலவும் ஏதோ ஒரு புலனைச் சேர்ந்தவை. அதையே பிடித்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லை ஜோடி சேருங்கள். கொழகொழவென்று இருக்கிற வெண்டைக்காய் ஸ்லைமி, கையில் பிசுபிசுக்கும் வெல்லப்பாகு ஸ்டிக்கி, சொரசொரப்பான செங்கல் ரஃப், வழவழப்பான எவர்சில்வர் தட்டு ஸ்மூத், மொறுமொறு அப்பளம் கிரிஸ்பி. கீரையைச் சரியாக அலசாவிட்டால் பல்லில் நறநறவென்று மண் படுமே, அது கிரிட்டி. காதுக்கும் இப்படித்தான்: சருகு சலசலப்பது ரஸில், கதவு கிரீச்சிடுவது க்ரீக், தோசைக்கல்லில் மாவு விழுந்ததும் வரும் சொய்ங் சிஸில், எண்ணெயில் கடுகு படபடப்பது க்ராக்கிள். சமைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

சுவையில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் கணக்கு ஆறு, இன்றைய ஆங்கிலப் பாடப்புத்தகக் கணக்கு பெரும்பாலும் ஐந்து. ஸ்வீட், சவர், சால்ட்டி, பிட்டர், அதோடு 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா அடையாளம் கண்ட உமாமி, அதாவது காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் சுவை. காரமும் துவர்ப்பும் இந்த ஐந்தில் இல்லை. காரத்துக்கு ஸ்பைஸி என்றும் ஹாட் என்றும் சொல்வார்கள். மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் தூண்டுகிறது, அதனால் ஹாட் மிகப் பொருத்தமான சொல். ஆனால் ‘த சாம்பார் இஸ் ஹாட்’ என்றால் சூடா காரமா என்று கேட்பவர் குழம்புவார், காரத்துக்கு ஸ்பைஸி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பூவின் துவர்ப்புக்கு அஸ்ட்ரிஞ்சென்ட். மூக்குக்கு வந்தால், அலமாரித் துணி மஸ்டி, சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெய் ரான்சிட், மல்லிகைப்பூ ஃப்ரேக்ரன்ட்.

சரி, சொல் வந்துவிட்டது, வாக்கியம்? நாம் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகிய ஐந்தும் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல வரும்போது, அடுத்து நேராகப் பண்புச்சொல் வர வேண்டும்: ‘த பாயசம் டேஸ்ட்ஸ் ஸ்வீட்’. ஸ்வீட்லி என்று இழுக்காதீர்கள், ‘இஸ் டேஸ்டிங்’ என்றும் வேண்டாம். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் நடுவில் லைக் சேருங்கள், ‘இட் ஸ்மெல்ஸ் லைக் பெட்ரோல்’. அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வருகிறதா? ‘ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்னிங்’, அந்தக் கேன்தான் முக்கியம். அப்புறம், ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று மொட்டையாக நிறுத்தினால் நாறுகிறது என்று அர்த்தமாகிவிடும், விருந்துக்குப் போன வீட்டில் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

சீ, ஹியர் இரண்டும் தானாகக் கண்ணிலும் காதிலும் படுவதற்கு. நாமாகக் கவனித்தால் லுக் அட், லிசன் டு. அசைகிற ஒன்றைத் தொடர்ந்து பார்த்தால் வாட்ச்.

இவ்வளவும் ஓரளவு பழகியதும் வீட்டில் ஒருவரை உட்கார வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டு, ஒரு கிண்ணத்தில் புளியோ பெருங்காயமோ பஞ்சோ வைத்து நீட்டுங்கள். பெயரைச் சொல்லக் கூடாது, தொட்டும் முகர்ந்தும் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டே என்ன பொருள் என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் திணறுகிறாரோ அதை மட்டும் அகராதியில் தேடிக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே பொருளோடு ஆரம்பியுங்கள்.