எழுதுவது போக்மு, சொல்வது போங்மு

ராணுவத்தில் பணிபுரிவதற்கான கொரியச் சொல்லை 'போங்முஹாதா' என்று சொல்லிப் பழகுங்கள். எழுதும்போது மட்டும் 'போக்மு'. ககர மெய்யை அடுத்து மகரம் வந்தால் அது 'ங்' ஆகிவிடும். நம் கல்+மலை கன்மலையாவது போலத்தான். காதில் விழுந்தபடி தட்டச்சு செய்தால் அகராதியில் சிக்காது.

'மு' என்றால் கடமை, அலுவல். அரசு ஊழியரைக் குறிக்கும் 'கோங்முவோன்' நடுவிலும் இதே 'மு'தான்.

தற்குறிப்பில், 'யுக்குனெஸோ போங்முஹெஸ்ஸும்நிதா' (தரைப்படையில் பணியாற்றினேன்) என எழுதலாம். கம்பெனி வேலைக்கு இது ஒட்டாது. அங்கே 'குன்முஹாதா' (கு-வில் உதடு குவியக் கூடாது). நண்பர்களிடம் இரண்டுமே விறைப்பு. 'குந்தே கத்தா வஸ்ஸொ', ராணுவத்துக்குப் போயிட்டு வந்தேன், போதும்.