ரொறன்ரோ மாநகரசபையின் கலை, இசை வகுப்புகள்: பதிவுக்கு முன்பே நாம் செய்துவிடும் தவறுகள்

ரொறன்ரோவில் நீச்சல் வகுப்புக்குப் பிள்ளையைப் பதியாத தமிழ்க் குடும்பம் குறைவு. அதே மாநகரசபையின் பூங்கா, பொழுதுபோக்குத் துறைதான் ஓவியம், மட்பாண்டம், நாடகம், நடனம், கிட்டார் என்று கலை வகுப்புகளையும் நடத்துகிறது என்றால் பலர் வியப்போடு பார்க்கிறார்கள். தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு. சில நிலையங்களில் கட்டணமே இல்லை. ஸ்காபரோவில், லோரன்ஸ் அவெனியூ கிழக்கும் ஸ்காபரோ கோல்ஃப் கிளப் சாலையும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட, செடார் ரிட்ஜ் கிரியேட்டிவ் சென்டர் என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது. ஒரு காலத்தில் தனியார் இல்லமாக இருந்த அந்த வீட்டில் இப்போது மாநகரசபையே கலை வகுப்புகளை நடத்துகிறது. அதைப் பல வருடங்களாகக் கடந்து போயும் உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

பல பருவங்களாக என் பிள்ளைகளையும் தெரிந்தவர்களின் பிள்ளைகளையும் இந்த வகுப்புகளுக்கு அனுப்பியதில் ஒன்று புரிந்தது. ஒரு வகுப்பு பிள்ளைக்குப் பிடிக்காமல் போனால் ஆசிரியரையோ பிள்ளையையோ குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் அதற்கு முன்பே, நாம் பதிந்த விதத்திலும் எதிர்பார்த்த விதத்திலும் இருக்கிறது.

பதிவு நாள் காலையில் கணக்குத் திறப்பது

வருடத்தில் நான்கு பருவங்களுக்கும் தனித்தனியாகப் பதிவு நடக்கும். வழமையாகக் காலை 7 மணிக்குத் தொடங்கும். நகரத்தின் எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்பது பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும் என்பதால், போன முறை செவ்வாய்க்கிழமை என்று நினைவில் வைத்திருப்பது போதாது. மட்பாண்டம் போன்ற வகுப்புகளில் இடங்கள் கொஞ்சம்தான். ஒரு அறையில் எத்தனை சக்கரங்கள் இருக்கின்றனவோ அத்தனை பேரைத்தான் சேர்க்க முடியும். அவை மளமளவென்று நிரம்பிவிடும்.

6.55க்கு உட்கார்ந்து மாநகரசபையின் இணையப் பதிவுத் தளத்தில் புதுக் கணக்குத் திறந்து, பிள்ளையின் பிறந்த திகதியைத் தட்டச்சு செய்து, கடனட்டையைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த இடம் போய்விடும். கணக்கை ஒரு கிழமைக்கு முன்பே திறந்து, வீட்டில் உள்ள எல்லோரையும் அதில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு இலக்கம் உண்டு. பிடித்த வகுப்புகளை முன்கூட்டியே விருப்பப் பட்டியலில் போட்டு வைக்கலாம். இரண்டாவது தெரிவு ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

வயது வரம்பையும் கவனமாகப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் சில வகுப்புகளில் பெற்றோரோ பராமரிப்பவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று நினைத்து வந்து, வாசலில் திகைத்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

இடம் நிரம்பிவிட்டதா? காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிடுங்கள். முதல் வகுப்புக்கு முன் ஒருவரோ இருவரோ விலகுவது வழமை. ஆனால் இடம் கிடைத்ததை அறிவிக்கும்போது பதில் சொல்லக் குறைந்த நேரம்தான் தருவார்கள். தெரியாத இலக்கம் என்று தொலைபேசியை எடுக்காமல் விட்டால், அல்லது மின்னஞ்சல் குப்பைக் கோப்புக்குள் கிடந்தால், அடுத்தவருக்குப் போய்விடும்.

பணம் பற்றிய இரண்டு தவறான நம்பிக்கைகள்

முதலாவது, உதவி கேட்கக் கூச்சப்படுவது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக மாநகரசபை வெல்கம் பாலிசி என்ற கட்டணச் சலுகையை வைத்திருக்கிறது. புதிதாக வந்த குடும்பங்கள், ஒருவர் மட்டும் வேலை செய்யும் வீடுகள், ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் என்று தகுதி உள்ள பலர் விண்ணப்பிப்பதே இல்லை. "அது எங்களுக்கில்லை, கஷ்டப்பட்டவர்களுக்கு" என்பார்கள். இது யாரும் போடும் பிச்சை இல்லை. நாம் கட்டும் வரியில் நடக்கும் பொதுச் சேவை. இதில் நடக்கும் இன்னொரு தவறு, பதிவு நாளன்று விண்ணப்பிப்பது. வருமான ஆவணங்களைப் பார்த்து அனுமதி தரக் காலம் எடுக்கும். பருவம் தொடங்கப் பல கிழமைகளுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அதோடு, சில நிலையங்களில் வகுப்புகள் எல்லோருக்கும் இலவசம். அவற்றுக்கு வருமானச் சான்று தேவையில்லை. உங்கள் வீட்டுக்குக் கிட்ட அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, வரியில் திருப்பி எடுக்கலாம் என்ற நம்பிக்கை. இன்னும் பலர் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கலை வகுப்புக் கட்டணத்துக்கு மத்திய அரசு 2011இல் கொண்டுவந்த வரிச்சலுகை 2016 வரி ஆண்டோடு முடிந்துவிட்டது. ஒன்ராறியோ 2010இல் தொடங்கிய சலுகையும் அதே ஆண்டோடு நின்றது. கோடை விடுமுறைப் பகல் முகாம் வேறு விடயம். பெற்றோர் வேலைக்குப் போவதற்காகப் பிள்ளையை அங்கே விட்டால், பிள்ளைப் பராமரிப்புச் செலவாக அது கணக்கில் வரலாம். அதனால் முகாமின் பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

அரங்கேற்றக் கண்ணோடு பார்ப்பது

இதுதான் நம் சமூகத்துக்கே உரிய தவறு. சற்று நின்று பேச வேண்டியதும் இதுதான்.

ஸ்காபரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குக் கலை என்றால் என்ன? சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, மத்தியானம் பரதநாட்டியம், மாலையில் பாட்டோ மிருதங்கமோ. குரு, சலங்கை பூசை, சோதனை, பல வருடங்களுக்குப் பிறகு அரங்கேற்றம். அந்தப் பாதையை நான் மதிக்கிறேன். கடல் கடந்து வந்த ஒரு சமூகம் ஒரு தலைமுறைக்குள் இத்தனை ஆசிரியர்களையும் மேடைகளையும் உருவாக்கியது சின்ன விடயமல்ல.

ஆனால் அதே அளவுகோலைச் சமூக நிலையத்து ஓவிய வகுப்புக்குக் கொண்டுபோகக்கூடாது. எட்டோ ஒன்பதோ கிழமை நடக்கும் ஒரு வகுப்பு அது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர் ஏற்கனவே நன்றாக வரைவார், இன்னொருவருக்குத் தூரிகை பிடிக்கவே தெரியாது. முடிவில் தரமும் இல்லை, சான்றிதழும் இல்லை. "இத்தனை கிழமை போய் என்ன படிச்சாய்?" என்று கேட்டால் பிள்ளையிடம் சொல்லப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து தானே பச்சையைக் கண்டுபிடித்த நேரம் அந்தப் பிள்ளைக்குள் இருக்கும்.

இசையிலும் இதே குழப்பம். ரோயல் கொன்சர்வேட்டரி 1886இல் இதே நகரத்தில் தொடங்கிய இசைக் கல்வி நிறுவனம். அதன் சோதனைகள் ஆயத்த நிலையிலிருந்து பத்தாம் நிலை வரை ஏறிப்போகும். பிள்ளை அந்தச் சோதனைக்குப் போக வேண்டும் என்றால் தனி ஆசிரியரும் தினப் பயிற்சியும் தேவை. கிழமைக்கு ஒரு தடவை நடக்கும் குழு வகுப்பு அதற்குப் பதிலாகாது. குழு வகுப்பு வேறொரு கேள்விக்கு விடை தரும்: இந்தப் பிள்ளைக்கு இந்த வாத்தியம் பிடித்திருக்கிறதா? அந்த விடை தெரிவதற்கு முன்பே தனி ஆசிரியருக்கு ஒரு வருடக் காசைக் கட்டிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பலர்.

கலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளையின் படத்தை வாங்கிப் பார்த்து, "கை ஏன் இவ்வளவு நீளம்?" என்று திருத்தாதீர்கள். "இதில் யார் யார் இருக்கிறார்கள், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். வீடு போய்ச் சேரும் வரை பிள்ளை கதை சொல்லிக்கொண்டே வரும்.

வளர்ந்தால் பொருந்தும் என்று வாத்தியம் வாங்குவது

சட்டையைப் பெரிதாக வாங்கலாம், வயலினை வாங்கக்கூடாது. வயலினில் முழு அளவுக்குக் கீழே 3/4, 1/2, 1/4, 1/8 என்றும் அதைவிடச் சின்னதாகவும் அளவுகள் உண்டு. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 1/4 அல்லது 1/2 பொருந்தும். இடது கையை நீட்டி வாத்தியத்தை வைத்துப் பார்த்தால், அதன் நுனியில் உள்ள சுருள் தலையை விரல்கள் வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும். பெரிய வாத்தியத்தைப் பிடிக்கும் பிள்ளை தோளைத் தூக்கும், மணிக்கட்டை மடிக்கும், பிறகு வலிக்கிறது என்று வகுப்புக்கே போகமாட்டேன் என்னும். என் மகளுக்கு நான் இதைத்தான் செய்தேன். அவள் சோம்பல் படுகிறாள் என்று ஒரு பருவம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான அளவை வாடகைக்கு எடுத்துக் கொடுத்த பிறகுதான், அவள் வாசிக்க மறுத்தது ஏன் என்று விளங்கியது. வாத்தியக் கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கும், அளவு மாறும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கிட்டாரில், தொடக்கத்தில் நைலோன் தந்திதான் பிஞ்சு விரல்களுக்கு நல்லது. கீபோர்ட் என்றால் 61 கட்டைகள் உள்ளது ஒரு பருவத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைவதாக இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் வகுப்பில் வாத்தியம் தருவார்களா என்று கேளுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ரொறன்ரோ பொது நூலகம் 2016இல் பார்க்டேல் கிளையில் வாத்தியங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியது. புத்தகம் எடுப்பதுபோல நூலக அட்டையைக் காட்டி வயலினோ கிட்டாரோ எடுத்து வரலாம்.

மண்ணின் கால அட்டவணையை மறப்பது

மட்பாண்ட வகுப்பில் ஒரு நாளைத் தவறவிடுவது, நடன வகுப்பில் ஒரு நாளைத் தவறவிடுவது போன்றதல்ல. மண் யாருக்காகவும் காத்திருக்காது.

வனைந்த கிண்ணம் மெல்ல மெல்லக் காய வேண்டும். அரைவாசி காய்ந்து, தோல் போல இறுகிய நிலையில்தான் அடியைச் சீவ முடியும், கைப்பிடி ஒட்ட முடியும். அந்தக் கிழமை நீங்கள் வராவிட்டால், அடுத்த கிழமை அது கல்லாகிக் கிடக்கும். முழுதாகக் காய்ந்த பிறகு சூளையில் முதல் சூடு, ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ். சூளை ஆறவே நீண்ட நேரம் எடுக்கும். பிறகு கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சு) பூசி இரண்டாவது சூடு. கல்மண் (ஸ்டோன்வேர்) வகை என்றால் 1200 பாகைக்கும் மேலே போகும். ஆக, இன்று வனைந்தது கைக்கு வரப் பல கிழமைகள் ஆகும். அதனால்தான் பருவத்தின் கடைசி இரண்டு மூன்று வகுப்புகளில் புது மண் தரமாட்டார்கள். கடைசிக் கிழமை கோபித்துக்கொள்வதில் பயனில்லை. மார்ச் விடுமுறைக்குப் பயணம் போவதாக இருந்தால் எந்தக் கிழமை கிளேஸ் பூசுவார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

தடிப்பாகச் செய்வது தொடக்கக்காரர் எல்லோரும் செய்யும் பிழை. உறுதியாக இருக்கும் என்று நினைத்து அடியைத் தடிப்பாக விட்டால் உள்ளே ஈரம் நிற்கும். சூளையில் அந்த ஈரம் நீராவியாகி வெடிக்கும். உங்கள் கிண்ணம் மட்டுமல்ல, பக்கத்தில் வைத்த இன்னொருவரின் வேலையும் சிதறும். கிளேஸை அடிவரை பூசினால் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், அடியைத் துடைத்துவிட வேண்டும். தேநீர்க் கோப்பை செய்வதாக இருந்தால் நினைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்யுங்கள். காய்ந்து, இரண்டு தடவை சூடுபட்டு வரும்போது பத்து வீதத்துக்கும் மேலே சுருங்கிவிடும்.

நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். காய்ந்த மண்ணைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். மண் குழைந்த தண்ணீரை வீட்டுக் குழாய்த்தொட்டியில் ஊற்றவும் கூடாது. குழாய் அடைத்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பது

என்னை அதிகம் வருத்தும் தவறு இதுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எத்தனை அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் யன்னலோடு இருக்கிறார்கள். பேரப்பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப் போய், வெளியே வாங்கில் குளிர் அங்கியோடு ஒரு மணித்தியாலம் காத்திருந்து, திரும்பக் கூட்டி வருகிறார்கள். பேரப்பிள்ளை உள்ளே செய்வதைத் தாமும் செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வயது வந்தவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் தனி வகுப்புகள் உண்டு.

ஆங்கிலம் வராது என்பார்கள். மண் பிசைய அதிகம் ஆங்கிலம் தேவையில்லை. ஆசிரியர் கையால் காட்டுவார், இவர்கள் கையால் செய்வார்கள். ஊரில் மண்சட்டியில் சமைத்து, மார்கழியில் முற்றத்தில் கோலம் போட்டு, பனையோலையில் பெட்டி பின்னிய கைகள் அவை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, முதல் நாள் வகுப்பில் யாரோடும் பேசாமல் ஒரு சின்ன அகல் விளக்கு செய்து வைத்தார். அடுத்த கிழமை பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி அதைப் பார்த்து அதேபோல ஒன்று செய்ய முயன்றார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. அம்மா அவரின் விரலைப் பிடித்து விளிம்பைக் கிள்ளிக் காட்டினார்.

சரி, அடுத்த பருவத்துக்குக் கணக்கில் பிள்ளைகளின் பெயரைச் சரிபார்க்கும்போது, உங்கள் அம்மாவின் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்துவிடுங்கள். முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். மத்தியான வகுப்பாகப் பார்த்து, பஸ் தரிப்பிடத்திலிருந்து பனியில் அதிகம் நடக்கத் தேவையில்லாத நிலையமாகப் பார்த்துப் பதியுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.