முதலில் கூண்டு, கடைசியில் இறக்கை

கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் பழைய இறக்கையும் பம்பரும் சுலபமாகக் கிடைத்துவிடும். அதனாலோ என்னவோ, வீதியில் ஓடிய காரைப் பந்தயக் காராக்கப் புறப்படும் பலர் வேலையை வெளியிலிருந்தே தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் உள்ளே. சாரதியைக் காப்பாற்றப் போட்ட விதிகள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தில்தான் காற்றோடு விளையாட முடியும். கட்டுகுருந்த ஓடுபாதையோ நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயமோ, போகப்போகும் போட்டியின் விதிகளை முதலில் வாங்கி வாசியுங்கள். கார் உருண்டால் சாரதியைக் காக்கும் குழாய்க் கூண்டுக்கும் வெளியில் ஒட்டும் குறியீடுகளுக்கும் கீழே தரும் அளவுகள், உலக மோட்டார் பந்தய அமைப்பான எப்.ஐ.ஏ.யின் விதிநூலில் இணைப்பு ஜே, 253ஆம் பிரிவைச் சேர்ந்தவை. ஏற்பாட்டாளர் வேறு அளவு கேட்டால் அவர் சொல்வதே முடிவு.

சாரதியின் முதுகுக்குப் பின்னால் குறுக்கே எழும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும் உள்ள குழாய் வேண்டும்; அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்பு. மற்றவற்றுக்கு 38இல் 2.5, அல்லது 40இல் 2. தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த கார்பன் உருக்கு, சதுர மி.மீ.க்குக் குறைந்தது 350 நியூட்டன் தாங்கக்கூடியது. விட்டம் ஒத்துவருகிறதே என்று தண்ணீர்க் குழாயை எடுக்க வேண்டாம். அதன் நீளவாக்குத் தையல் வளைக்கும்போது பிளக்கலாம். மேலுள்ள நாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் நச்சுப் புகை விடும். சூடாக்காமல்தான் வளைக்க வேண்டும். மையக் கோட்டில் அளந்தால் வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் மும்மடங்குக்குக் குறையக்கூடாது, 45 மி.மீ. குழாய்க்கு 135 மி.மீ. அதைவிட இறுக்கி வளைத்தால் உட்பக்கம் சுருக்கம் விழும், கார் உருளும்போது சரியாக அந்த இடத்தில்தான் மடங்கும். கூண்டின் ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே 3 மி.மீ. தடிப்பில், 120 சதுர செ.மீ. பரப்புள்ள தகட்டைக் காரின் உடலோடு வெல்ட் பண்ணி, 8.8 தரத்தில் எம்8 போல்ட் மூன்று போடுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய பழைய காரென்றால் தரைத்தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துருவின் மேல் எவ்வளவு நல்ல தகட்டை ஒட்டினாலும் வீண். வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

பொனட்டுக்கும் டிக்கிக்கும் மேலதிகமாக இரண்டிரண்டு பின்கள் கட்டாயம், பழைய பூட்டு வேலை செய்யக்கூடாது. பொனட்டில் துளை வெட்டுவதாக இருந்தால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். பொதுவாக அங்கே அழுத்தம் குறைவு, சூடான காற்று தானாக மேலே இழுபடும். முன் கண்ணாடியின் அடியில் வெட்டினால் எதிர்மாறாக நடக்கும். அங்கே அழுத்தம் அதிகம், வெளிக்காற்று உள்ளே தள்ளப்பட்டு எஞ்சின் அறையை உப்பவைக்கும்.

அடுத்தது முன் ஸ்ப்ளிட்டர், பம்பரின் அடியில் முன்னோக்கி நீளும் தட்டு. நிலத்தை நெருங்க நெருங்க அது காரைக் கீழே அதிகம் உறிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. தரை தட்டினால் அல்லது கார் துள்ளினால் அந்த உறிஞ்சல் ஒரே நொடியில் அறுந்துபோகும். 1994இல் இமோலாவில் போர்முலா வன் சாரதிகள் ராட்சன்பெர்கரும் சென்னாவும் இறந்த பிறகு, அந்த ஆண்டே போர்முலா வன் கார்களின் அடியில் 10 மி.மீ. பலகை கட்டாயமானது. தேய்வு 1 மி.மீ.ஐத் தாண்டினால் தகுதி நீக்கம். 2023 அமெரிக்க கிராண்ட் பிரீயில் ஹமில்டனும் லெக்ளேரும் அப்படித்தான் முடிவை இழந்தார்கள். காரைத் தாழ்த்தும் ஆசைக்கு விதி போட்ட கடிவாளம் அது. உங்கள் காரில் அந்தப் பலகை இருக்காது, ஆகவே ஸ்ப்ளிட்டரைப் பம்பரில் மட்டும் தொங்கவிடாதீர்கள். 12 மி.மீ. பிளைவுட் என்றால் சட்டகத்தோடு பிரக்கட் போட்டு, முன்னால் இரண்டு உருக்குக் கம்பிகளால் தாங்குங்கள். ஓர் ஆள் விளிம்பில் ஏறி நின்றாலும் தொய்யக்கூடாது. பம்பரோடு கழன்றால் அது முன் சில்லுக்கு அடியில் போகும், அதன்பின் ஸ்டீயரிங் உங்கள் சொல் கேட்காது.

மூக்கை அளவுக்கு மீறி நீட்டவும் வேண்டாம். 1999இல் பிரான்சின் லு மான் பந்தயத்தில் முன்பக்கம் நீண்ட மெர்சிடிஸ் சி.எல்.ஆர். கார்கள் மேட்டில் மூக்குத் தூக்கி, காற்றில் புரண்டு பறந்தன. பந்தயத்துக்கென்றே கட்டப்படும் லு மான் முன்மாதிரிக் கார்களின் முதுகில் 2011இல் வந்த உயரமான துடுப்பும், 2012இல் சில்லுகளுக்கு மேல் வந்த துளைகளும் கார் பறப்பதைத் தடுக்கும் அதே நோக்கத்தில் பிறந்தவை. அழகுக்கு என்று நினைத்துப் பிரதி எடுப்பவர்கள் துளையை விட்டுவிட்டுத் துடுப்பை மட்டும் ஒட்டுவார்கள்! முன் சில்லு வளைவுக்கு மேல் அழுத்தத்தை வெளியேற்றும் துளைதான் சாதாரண காருக்கு உண்மையான பலன் தரும்.

விதிக்கு அழகுணர்ச்சி கிடையாது என்பதற்கு 2012 போர்முலா வன் போதும். பக்கவாட்டில் மோதும் மூக்கு மற்றவர் தலைக்கு வரக்கூடாதென்று அதன் உயரத்தை 550 மி.மீ.க்கு இறக்கினார்கள். பின்னாலிருந்த உடலுக்கு 625 மி.மீ. அனுமதி இருந்தது. அடியில் காற்று வேண்டுமென்று அணிகள் அந்த உயரத்தை விடவில்லை. நடுவில் படிக்கட்டு விழுந்தது. 2018இல் வந்த ஹேலோ என்ற தலைக்காப்பு வளையத்தையும் அப்போது வெறுத்தார்கள்.

இறக்கை கடைசி. 1.4 மீற்றர் அகலம், 25 செ.மீ. ஆழம், தூக்குக் குணகம் (இறக்கை எவ்வளவு அழுத்தும் என்பதைக் காட்டும் எண்) 1 என்று வைத்தால், கொழும்புக் காற்றில் 150 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 35 கிலோ அழுத்தும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி, 9 கிலோதான். மஹகஸ்தோட்டையில் 1,800 மீற்றருக்கு மேலுள்ள மெல்லிய காற்றில் அதிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அந்த மலைக்கு இறக்கையைவிட நல்ல டயருக்குச் செலவழிப்பது புத்தி.

இறக்கையின் தாங்கு கால்களை டிக்கி மூடியின் மெல்லிய தகட்டில் துளைத்துப் பூட்டக்கூடாது. மூடி குழிந்து கோணம் மாறும், பாரம் முழுவதும் பின்களுக்குப் போகும். மூடியில் பிளவு வெட்டி, கால்களைப் பின் சட்டகம் வரை இறக்குங்கள். 1969இல் ஸ்பெயினின் மொன்ட்ஜூயிக்கில் நடந்த போர்முலா வன் பந்தயத்தில் கிரஹம் ஹில், யோஹன் ரின்ட் இருவரின் லோட்டஸ் 49களிலும் உயர்ந்த இறக்கை முறிந்தது. அடுத்து மொனாக்கோவில் உயர் இறக்கைகளுக்கே தடை விழுந்தது. கால் எவ்வளவு உயரமோ அடியில் அவ்வளவு நெம்புவிசை.

பெயின்ட் அடிக்கும் முன் இழுவை வளையம் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் மூன்றில் ஒன்று. ஸ்ப்ளிட்டர் அதை மறைப்பது வழமையான தவறு. மின்சாரத்தைத் துண்டிக்கும் வெளிச் சுவிட்சுக்கு வெள்ளை ஓரமுள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல், அடிப்பக்கம் குறைந்தது 12 செ.மீ. தீயணைப்புக் கைப்பிடிக்கு 10 செ.மீ. வெள்ளை வட்டத்தில் சிவப்பில் ஆங்கில ‘E’ எழுத்து.

பின்பு 10 செ.மீ. கம்பளி நூல்களைப் பொனட்டிலும் கூரையிலும் இறக்கையின் அடிப்பக்கத்திலும் டேப்பால் ஒட்டி, பயிற்சி நாளில் பக்கத்துக் காரிலிருந்து படம் பிடியுங்கள் (வாகனங்கள் ஓடும் கொழும்பு–காலி வீதியில் அல்ல). அடிப்பக்க நூல்கள் பின்னோக்கிப் படியாமல் துடித்தால் இறக்கையின் கோணம் அதிகம். ஒவ்வொரு பாகையாகக் குறையுங்கள். ஐந்து சுற்றுக்குப் பிறகு நிறுத்தி, தாங்கு கால் போல்ட்டுகளையும் ஸ்ப்ளிட்டர் கம்பிகளையும் மறுபடி இறுக்குங்கள்.