ஒரு வினைச்சொல்லுக்கு 18 அர்த்தம் எழுதிப் போடாதீர்கள்

போன மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியத் தம்பி ஒருவர் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் நடத்துவதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பலகையின் நடுவில் 'கெட்' என்று எழுதி வட்டம் போட்டார். அதிலிருந்து நாலாபக்கமும் கோடு இழுத்து, பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று 18 அர்த்தம் எழுதினார். வகுப்பே தலை நிமிராமல் எழுதிக்கொண்டது. முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், ஒரே கிளாஸ்ல 'கெட்'டை முடிச்சுட்டேன்" என்றார். முகத்தில் அவ்வளவு நிறைவு. 12 வருடத்துக்கு முன்னால் நானும் இதே வட்டத்தைப் போட்டுவிட்டு இதே நிறைவோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்வழியில் பள்ளி முடித்து, நர்சிங் படித்து, பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள். மருத்துவச் சொற்களில் அவர்கள் தடுமாறுவதே இல்லை. 'டாக்கிகார்டியா' (இதயம் வேகமாகத் துடிப்பது) என்றால் உடனே புரியும். ஆனால் 'டேக்', 'கெட்', 'கீப்', 'ரன்', 'பாஸ்' என்று வந்தால் விழுந்துவிடுகிறார்கள். நோயாளி வாயிலிருந்து வருவதோ இந்தச் சின்னச் சொற்கள்தான். உச்சரிப்பு, எழுத்துப்பிழை பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தச் சின்னச் சொற்களை நடத்தும்போது ஆசிரியர்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அர்த்தங்களைப் பட்டியலாகக் கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் பாடம் நடத்தத் தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு பெண் படித்தார். அறுவைசிகிச்சை வார்டில் நாலு வருட அனுபவம். நான் கொடுத்த பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்திருந்தார்: கீப் என்றால் வை, வைத்திரு, தொடர்ந்து செய், காப்பாற்று, வளர். எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பேச்சுத் தேர்வுக்கான ஒத்திகையில் நான் நோயாளியாக உட்கார்ந்து, "ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்" என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு ரொம்பக் கனிவாக, பையை நாற்காலியில் வைக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் சொன்னதன் அர்த்தம், எதைச் சாப்பிட்டாலும் குடித்தாலும் வாந்தியாக வந்துவிடுகிறது என்பது. தமிழில் ஒரு நோயாளி இதைச் சொல்லியிருந்தால் எத்தனை தடவை வாந்தி, சிறுநீர் போகிறதா, தலைசுற்றல் உண்டா என்று அந்தப் பெண் அடுத்த நொடியே கேட்டிருப்பார். தொழில் அவ்வளவு நன்றாகத் தெரியும். நான் கொடுத்த பட்டியல் குறுக்கே வந்து நின்றது.

அந்த ஒத்திகையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'கீப் டவுன்' என்று பட்டியலில் இன்னொரு வரி சேர்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். உண்மையான தேர்வில் கேட்டல் பகுதியில் அவருக்கு மதிப்பெண் போதவில்லை. அதன் முதல் பிரிவில் நோயாளியோடு நடக்கும் இரண்டு உரையாடல்கள் வரும், 24 இடங்களை நிரப்ப வேண்டும். ஒலிப்பதிவு ஒரே முறைதான். திரும்பி வந்து அவர் சொன்னது: "கேட்டது எல்லாமே தெரிஞ்ச வார்த்தைதான் சார். என்ன சொன்னாங்கன்னுதான் தெரியல." மறுபடி கட்டிய தேர்வுக் கட்டணம் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

பட்டியல் ஏன் உதவாது என்பதற்கு நம் 'அடி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், காய்ச்சல் அடிக்கிறது, கருவாட்டு வாடை அடிக்கிறது. தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு, "அடி என்றால் வீசு, ஒலி, பூசு, நாறு" என்று எழுதிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நாம் யாரும் அப்படிக் கற்கவில்லை. 'வெயில் அடிக்குது' என்பதை ஒரே துண்டாகத்தான் வாங்கிக்கொண்டோம். அர்த்தம் 'அடி'யில் பாதிதான் இருக்கிறது, மீதி வெயிலிலும் மணியிலும் இருக்கிறது. பட்டியல் போடும்போது அந்த மீதிப் பாதியை வெட்டி எறிந்துவிடுகிறோம்.

இன்னொன்று, ஒரே ஒலிக்கு ஒரே மணி நேரத்தில் 18 அர்த்தம் படித்தால் அவை ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். மறுநாள் கேட்டால் முதல் மூன்றுதான் நினைவில் இருக்கும், அதிலும் எது எங்கே வரும் என்று தெரியாது. அப்புறம், எதிரே எழுதும் தமிழ்ச் சொல் சும்மா இருக்காது. 'டேக்' என்றால் எடு என்று எழுதிவிட்டால், நாம் மார்க் 'எடுக்கிறோம்' என்பதால் "ஐ டுக் எய்ட்டி மார்க்ஸ்" வரும், வாந்தி 'எடுப்பதால்' "ஹி டுக் வாமிட்" வரும். இந்த இரண்டு வாக்கியத்தையும் வருடா வருடம் திருத்துகிறேன்.

'முடிச்சுட்டேன்' என்று சொல்லவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதிக்காக 'ரன்' என்ற வினையைப் பிரித்தவர்கள் 645 பொருள் கண்டிருக்கிறார்கள். எதை விடலாம் என்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். ஒரு சொல்லின் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வருகிறது என்றும் அதில் காட்டினார். அவருடைய சொற்கள் பழையனவாக இருக்கலாம், ஆனால் பொருளை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் இன்றைக்கும் சரி.

இப்போது நான் செய்வது இதுதான். ஒரு நாளைக்கு ஒரு வினை, அதிலும் ஒரே ஒரு பொருள். 'கீப் டவுன்' என்றால் அதோடு வரும் சாப்பாடு, தண்ணீர், மாத்திரை மூன்றையும் சேர்த்து, நோயாளி பேசுவதுபோல மூன்று வாக்கியம். அவ்வளவுதான். 'கீப் அன் ஐ ஆன்' (ஒரு கண் வைத்துக்கொள்வது) அடுத்த வாரம்தான் வரும். நோட்டில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்கிறேன். அதில் வாக்கியம் மட்டும்தான், எதிரே தமிழ் அர்த்தத்துக்குக் கட்டம் கிடையாது. மூன்று மாதத்தில் பக்கம் நிரம்பிவிடும்.

அகராதியில் முதலில் இருப்பதிலிருந்து தொடங்குவது

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி வரலாற்று அடிப்படையில் போவது, அங்கே பழைய பொருள் முன்னால் நிற்கும். அது மாணவருக்குத் தேவையான வரிசை அல்ல. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கணினியில் சேர்த்த உண்மையான வாக்கியங்களை வைத்து 1987இல் வந்த கோபில்ட் அகராதியைப் பாருங்கள். 'டேக்' என்றால் கையில் எடுப்பது என்றுதான் நாம் தொடங்குவோம். 'டேக் எ லுக்', 'டேக் எ பிரேக்' போலப் பெயர்ச்சொல்லோடு ஒட்டி வருவது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் காட்டியது அந்த அகராதிதான்.

எல்லாவற்றுக்கும் ஒரே வேர் காட்டுவது

'ரன்'னுக்கு இது நடக்கும். மூக்கு ஒழுகுவது, குழாயில் தண்ணீர் ஓடுவது, பஸ் ஓடுவது, வார்டை நடத்துவது எல்லாவற்றிலும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. தமிழிலும் ஃபேன் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது. மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 'டேக் ஆஃப்டர்' என்றால் ஏன் அம்மாவைப் போல இருப்பது என்று விளக்கக் கிளம்பாதீர்கள். விளக்கம் நினைவில் நிற்கும், வாக்கியம் நிற்காது.

'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் ஆன்', 'கெட் பை' எல்லாம் ஒரே நாளில்

வேண்டவே வேண்டாம்.

நம் ஊர் ஆங்கிலத்தைத் தப்பு என்று ஒதுக்குவது

"ஐ பாஸ்ட் அவுட் இன் 2016" என்று நம் பிள்ளைகள் சொல்வார்கள். படிப்பு முடித்தேன் என்று அர்த்தம். இந்தியா முழுக்க இது புரியும். ஆனால் லண்டன் நோயாளி "ஐ பாஸ்ட் அவுட்" என்றால் மயங்கி விழுந்தேன் என்கிறார். தப்பு என்று சொன்னால் மாணவருக்குக் கூச்சம் வருகிறது, காது திறப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எந்த ஊரில் என்று சொல்லுங்கள். அங்கே 'பாஸ்' என்றால் இன்னொன்றும் உண்டு: "ஹாவ் யூ பாஸ்ட் வாட்டர்?" என்பது சிறுநீர் கழித்தீர்களா என்ற கேள்வி. வார்டில் தினமும் தேவைப்படும்.

வகுப்பில் தமிழே கூடாது என்பது

தமிழ் பேசலாம். வாக்கியத்துக்குத் தமிழ் சொல்லுங்கள், தனிச்சொல்லுக்குச் சொல்லாதீர்கள்.

'இதன் அர்த்தம் என்ன' என்று தேர்வு வைப்பது

அந்தத் தம்பியும் மறுநாள் இப்படித்தான் வைத்தார். 18க்கு 15 வாங்கியவர்கள்கூட இருந்தார்கள். நான் அதே மாணவர்களிடம், "ஷி கேம் ரவுண்ட் அட் ஃபோர்" என்று சொல்லி, சார்ட்டில் என்ன குறிப்பீர்கள் என்று கேட்டேன். பலர் நாலு மணிக்குப் பார்வையாளர் வந்ததாக எழுதினார்கள். சுயநினைவு திரும்பியது என்று எழுதியவர் ஒருவர்தான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "போன வாரம் கேட்ட ஆடியோல மயக்கம் தெளிஞ்சப்ப இதையே சொன்னாங்க சார்" என்றார்.