ஆல்கீனும் பெராக்சைடு ஆவியும்: வாயுநிலை ஆக்சிஜனேற்றத்தின் கணக்கைப் படிப்படியாகப் போடுவது எப்படி?

புரோப்பீன் வாயுவையும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியையும் சூடான வினையூக்கியின் மேல் செலுத்தினால் புரோப்பிலீன் ஆக்சைடு கிடைக்கும். உடன் வருவது தண்ணீர் மட்டுமே. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இந்த வினையில் பாடாய்ப் படுத்துவது ஆல்கீன் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன், இங்கே புரோப்பீன்) அல்ல, பெராக்சைடுதான். ஆகவே முடிவுகளைப் படிக்கும்போது பெராக்சைடு எங்கே போனது என்பதை முதலில் தேட வேண்டும்.

இது காகிதத்தில் போடும் பயிற்சி. எரியும் வாயுவும் ஆக்சிஜனேற்றியும் ஒரே குழாயில் கலக்கின்றன. தவிர, வளிமண்டல அழுத்தத்தில் ஆவியில் பெராக்சைடு சுமார் 26 மோல் சதவீதத்தைத் தாண்டினால் அது தனியாகவே வெடிக்கக்கூடும். வீட்டில் செய்து பார்க்கும் சமாசாரம் இல்லை.

படி 1: வினையூக்கியை அறிதல்

வழக்கமான தேர்வு டைட்டானியம் சிலிகலைட்-1. 1980களின் தொடக்கத்தில் இத்தாலியில் உருவானது. சிலிக்கா சட்டகத்தில் ஆங்காங்கே ஒரு டைட்டானியம் அணு. துளைகள் ஏறக்குறைய 0.55 நானோமீட்டர். டைட்டானியம் பெராக்சைடைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்புக்குக் கொடுக்கிறது. ஆலைகளில் இதே வினையூக்கி மெத்தனால் கரைசலில் வேலை செய்கிறது. வாயுநிலையில் கரைப்பானும் வேண்டாம், அதைப் பிரித்தெடுக்கும் வேலையும் இல்லை.

படி 2: உள்ளே போவதைக் கணக்கிடுதல்

ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமோல் புரோப்பீன், 20 மில்லிமோல் பெராக்சைடு என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் பயிற்சிக்காக நான் எடுத்தவை.) 20 மில்லிமோல் பெராக்சைடின் எடை 0.68 கிராம். எடையில் 30 சதவீதக் கரைசல் என்றால் அதனுடன் 1.59 கிராம் தண்ணீரும் வரும், அதாவது 88 மில்லிமோல்! பெராக்சைடைப் போல நாலு மடங்குக்கு மேல். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் எண் இது. உருவான எப்பாக்சைடைத் (புரோப்பிலீன் ஆக்சைடின் வகைப்பெயர்) திறந்து கிளைக்கால் என்ற வேண்டாத விளைபொருள் ஆக்குவது இந்தத் தண்ணீர்தான்.

படி 3: வெளியே வருவதை அளத்தல்

கரிமப் பொருள்களுக்கு கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி). மிஞ்சிய பெராக்சைடைக் குளிரவைத்துப் பிடித்து, அயோடைடிலிருந்து அயோடினை வெளியேற்றி, தயோசல்பேட்டால் தரம்பார்க்கலாம். ஒரு மோல் பெராக்சைடுக்கு இரண்டு மோல் தயோசல்பேட். நம் உதாரணத்தில் கிடைத்தவை (மில்லிமோலில்): புரோப்பீன் 87, புரோப்பிலீன் ஆக்சைடு 12, கிளைக்கால் 0.5, புரோப்பனால்டிஹைடு 0.5, பெராக்சைடு 1.

முதலில் கார்பன் கணக்கு. பெராக்சைடு தவிர்த்த நான்குமே மூன்று கார்பன் உள்ளவை, கூட்டினால் 100. சரியாக இருக்கிறது. இது இடித்தால் மேலே போகாதீர்கள்.

படி 4: மூன்று விகிதங்கள்

புரோப்பீன் மாற்றம் 13 சதவீதம். குறைவு என்று தோன்றும், ஆனால் பெராக்சைடு 20 மட்டுமே இருப்பதால் உச்ச வரம்பே 20 சதவீதம்தான்.

தெரிவுத்திறன் (மாறிய புரோப்பீனில் எவ்வளவு எப்பாக்சைடானது): 12-ஐ 13-ஆல் வகுத்தால் 92 சதவீதம். அழகான எண், பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பெராக்சைடு பயன்திறன்: செலவானது 19, எப்பாக்சைடாகச் சேர்ந்தது 12. வெறும் 63 சதவீதம். உண்மை நிலவரம் இங்கேதான் தெரிகிறது.

படி 5: காணாமல் போனதைத் தேடுதல்

ஒரு மூலக்கூறுக்கு ஒரு பெராக்சைடு என்று, விளைபொருள்கள் மூன்றுக்கும் சேர்ந்து 13 மில்லிமோல் பெராக்சைடு போதும். மீதி 6 சிதைந்திருக்க வேண்டும். இரண்டு பெராக்சைடு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைத் தரும். எனவே வெளியேறும் வாயுவில் 3 மில்லிமோல் ஆக்சிஜன் காண வேண்டும். கண்டால் கணக்கு மூடியது. (அந்த ஆக்சிஜன் புரோப்பீனோடு கலந்து நிற்பது பாதுகாப்புக்கும் கவலைதான்.)

அடுத்த கேள்வி, சிதைந்தது எங்கே? வினையூக்கி இல்லாத குழாயில், அதே வெப்பத்தில், புரோப்பீனுக்குப் பதில் நைட்ரஜனோடு பெராக்சைடை அனுப்பிய அளவீட்டைப் பாருங்கள். அதிலேயே பெரும்பகுதி போயிருந்தால் குற்றவாளி ஆவியாக்கியோ உலோகச் சுவரோ. கண்ணாடிக்கு மாறுவது வழி. குழாயில் தப்பி வினையூக்கியில் மட்டும் போனால், சட்டகத்துக்குள் சேராமல் டைட்டானியம் டையாக்சைடாக ஒதுங்கிய டைட்டானியத்தைச் சந்தேகிக்கலாம்.