சிங்கப்பூர் ஆஃபர் லெட்டர் வந்துடுச்சா? பெர்மிட் கைக்கு வர்ற வரைக்கும் பாக்க வேண்டியது

கடலூர் சிப்காட்லயும் நெய்வேலியிலயும் கான்ட்ராக்ட்ல ஓடிட்டு இருக்கற ஃபிட்டர், வெல்டர் பசங்களுக்கு இப்பல்லாம் வாட்ஸ்அப்லயே சிங்கப்பூர் ஆஃபர் லெட்டர் வந்துடுது. கம்பெனி பேரு, லோகோ, கீழ ஒரு சீலு, சம்பளம் இவ்வளவுன்னு இருக்கும், உடனே வீட்ல நகைய எடுத்துட்டு அடகு கடைக்கு கிளம்பிடறாங்க. கொஞ்சம் பொறுங்க. அந்த லெட்டர் கம்பெனி உங்கள எடுத்துக்க சம்மதிச்சிருக்குன்னு சொல்ற பேப்பர், அவ்வளவுதான். அந்த நாட்டு அரசாங்கம் உங்கள வேலை செய்ய விடுமா இல்லையான்னு தெரியறது ஐபிஏ, அதாவது இன்-பிரின்சிபிள் அப்ரூவல்ங்கற அரசாங்க ஒப்புதல் லெட்டர் வந்தப்புறம்தான். அது வந்து, உங்க கண்ணால ஆன்லைன்ல செக் பண்ணி முடிக்கற வரைக்கும் பெரிய பணம் எதுவும் கட்டாதீங்க, இருக்கற வேலையையும் விடாதீங்க.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, சிங்கப்பூர் பெர்மிட்டுக்கு நீங்க அப்ளை பண்ண முடியாது. கம்பெனி பண்ணனும், இல்ல கம்பெனி சார்பா அங்க லைசென்ஸ் இருக்கற ஏஜென்சி பண்ணனும், எல்லாம் எம்ஓஎம்ங்கற மனிதவள அமைச்சகத்துக்கு ஆன்லைன்லயே போகும். அதனால பண்ருட்டியிலயோ சிதம்பரத்துலயோ ஒருத்தர் "நானே பெர்மிட் போட்டு தரேன்"னு சொன்னா, எந்த கம்பெனி, எந்த ஏஜென்சி, லைசென்ஸ் நம்பர் என்னன்னு நேரா கேளுங்க. பதில் சொல்ல தயங்கினா எழுந்து வந்துடுங்க.

உங்க பக்கம் இருக்கற வேலை பேப்பரை சரியா வச்சுக்கறதுதான். பாஸ்போர்ட் தேதிய பாருங்க, அது சீக்கிரம் முடியுதுன்னா பெர்மிட்டும் குறைஞ்ச நாளைக்குதான் கிடைக்கும், அதனால ரினியூவல முதல்ல முடிச்சுட்டு புது நம்பரையே கம்பெனிக்கு குடுங்க, நடுவுல நம்பர் மாறினா எல்லாருக்கும் தலைவலி. அடுத்தது நம்ம ஊரு இனிஷியல் பிரச்சனை. மார்க் ஷீட்ல கே. முருகன்னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா விரிஞ்சு முருகன் கந்தசாமின்னு இருக்கும், ஐடிஐ சர்டிபிகேட்ல இன்னொரு மாதிரி இருக்கும். அனுப்பற எல்லா ஃபார்ம்லயும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ஒவ்வொரு எழுத்தா பாத்து எழுதுங்க. சர்டிபிகேட் "ரெடி பண்ணி தரேன்"னு யாராவது சொன்னா தயவு செஞ்சு வேணாம், பொய் சர்டிபிகேட் குடுத்து மாட்டினா அங்க ஜெயில் வரைக்கும் போகும், அதுக்கப்புறம் அந்த நாட்டுல வேலைங்கற பேச்சே இருக்காது.

எந்த பாஸ், அதாவது எந்த வகை வேலை அனுமதின்னு கேக்கறது ரொம்ப முக்கியம். டிகிரி படிச்சு ஆபீஸ் வேலைக்கு போறவங்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், நடு லெவல்ல டெக்னீஷியன் மாதிரி வேலைக்கு எஸ் பாஸ், மத்தபடி ஒர்க் பெர்மிட். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர்ல இருந்து புதுசா அப்ளை பண்றவங்களுக்கு குறைஞ்சபட்ச சம்பளமே மாசம் 3,300 சிங்கப்பூர் டாலர், வயசு கூட கூட அதுவும் கூடும். அப்ப ஏஜென்ட் "எஸ் பாஸ் தம்பி, சம்பளம் 1,800"ன்னு சொன்னா அது எஸ் பாஸே இல்ல, இல்லன்னா பேப்பர்ல ஒரு சம்பளம் கையில ஒரு சம்பளம்னு ஏதோ பண்ணப் போறாங்க. கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்னா ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணிருக்கணும், சென்னைப் பக்கம் அதுக்கு சென்டர் இருக்கு, ஆனா டெஸ்ட் அடிச்சுட்டா வேலை கேரன்டின்னு யாரும் சொல்ல முடியாது.

இப்ப ஐபிஏ. அது வந்ததும் உங்களுக்கு ஒரு காப்பி அனுப்பியே ஆகணும்னு கம்பெனிக்கு சட்டமே இருக்கு, ஒர்க் பெர்மிட்னா உங்க மொழியிலயும் வரும். எங்க தெருவுல ஒரு தம்பி கொண்டு வந்து காமிச்சான், வாய்ல சொன்னது 1,200 டாலர், ஐபிஏ-ல பேசிக்னு போட்டிருந்த இடத்துல 600தான் இருந்துச்சு, மீதி ஓவர்டைம் பாத்தா வருமாம். அந்த ஒரு வரிதான் நாளைக்கு கணக்கு, ஏன்னா ஓவர்டைம் இருந்தாதான் அந்த மீதி, இல்லாத மாசம் இல்ல. பேசிக், அலவன்ஸ், பிடித்தம், வேலை பேரு, கம்பெனி பேரு அஞ்சையும் விரல் வச்சு படிங்க. அப்புறம் எம்ஓஎம் வெப்சைட்டுக்கு நீங்களே போய் ஸ்டேட்டஸ் பாருங்க, அட்ரஸ் ஜிஓவி டாட் எஸ்ஜின்னு முடியணும், ஏஜென்ட் அனுப்பற லிங்க்ல பாக்காதீங்க. திருப்பாப்புலியூர்ல பிரவுசிங் சென்டர்ல கேட்டாலும் எடுத்து குடுப்பாங்க.

பணம்தான் நிறைய பேர் வீட்ட கவுக்கற இடம். ஒர்க் பெர்மிட்டுக்கு கம்பெனி அந்த அரசாங்கத்துக்கு குடுக்கற 5,000 டாலர் பாண்டுங்கற உத்தரவாதம், மாசாமாசம் கட்டற லெவிங்கற வரி எதையும் உங்க கிட்ட வாங்கக்கூடாது. வேலை குடுக்கறதுக்கு கம்பெனி காசு வாங்கினாலே அங்க குற்றம். அந்த ஊர் ஏஜென்சி வாங்கலாம், ஆனா கான்ட்ராக்ட் ஒரு வருஷத்துக்கு ஒரு மாச சம்பளம், எவ்வளவு வருஷமானாலும் ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல கூடாது. ஆறு மாசத்துக்குள்ள கம்பெனியே உங்கள நிறுத்திட்டா அதுல பாதிய திருப்பித் தரணும். நம்ம நாட்டுல பதிவு பண்ணின ஏஜென்ட்டுன்னா உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இ-மைக்ரேட்ங்கற நம்ம மத்திய அரசு வெப்சைட்ல அவங்க பேரு இருக்கான்னு தேடுங்க. லட்சக்கணக்குல ரொக்கமா கேட்டு ரசீதும் தர மாட்டேன்னா அதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல. எத கட்டினாலும் பேங்க் வழியா கட்டுங்க.

ஐபிஏ செக் ஆயிடுச்சுன்னா அதுவே ஒரு தடவை உள்ள நுழையறதுக்கு விசா மாதிரி, பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கோங்க. ஃபிளைட்டுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள எஸ்ஜி அரைவல் கார்டு ஆன்லைன்ல போடணும், அது ஃப்ரீ. "விசிட்ல வா, அங்க வந்து மாத்திக்கலாம், அதுவரைக்கும் வேலை பாரு"ன்னு சொன்னா போகவே போகாதீங்க, பாஸ் இல்லாம வேலை பாத்தா 20,000 டாலர் வரைக்கும் ஃபைன், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். போய் இறங்கினதும் ரெண்டு வாரத்துக்குள்ள மெடிக்கல், முதல் தடவை போறவங்களுக்கு ஒரு நாள் கிளாஸ், அது தமிழ்லயே நடக்கும், அப்புறம் கைரேகை, கார்டு. மெடிக்கல்ல ஃபெயில் ஆனா திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால சளி, காசநோய் சந்தேகம் இருந்தா இங்கயே எக்ஸ்ரே எடுத்து பாத்துடுங்க. பாஸ்போர்ட்ட கம்பெனி வாங்கி வச்சுக்க உரிமை இல்ல.

துபாய், சவுதி, மலேசியான்னு போறவங்க பத்தாவது பாஸ் பண்ணலன்னா பாஸ்போர்ட் ஈசிஆர்னு (எமிகிரேஷன் செக் தேவைன்னு அர்த்தம்) இருக்கும், அப்ப இ-மைக்ரேட்ல எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்காம ஏர்போர்ட்ல விட மாட்டாங்க. சிங்கப்பூருக்கு இது தேவையில்ல. ஈசிஆர்காரங்க கிளியரன்ஸோட கூடவே எடுக்க வேண்டியது பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ், ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், 10 லட்சம் கவர். துபாய்க்கு ஆஃபர் லெட்டரே அங்க அமைச்சகம் வழியா வரும், தமிழ்லயும் கேட்டு வாங்கிக்கலாம், இங்கிலீஷ்ல மட்டும் நீட்டினா கையெழுத்து போடாதீங்க.

நடுவுல எங்கயாவது சந்தேகம் வந்தா தமிழ்நாட்டு ஆளுங்க வெளிநாடு வாழ் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793ல அடிங்க. புதுச்சேரிக்காரங்க வெளியுறவுத் துறையோட 1800 11 3090க்கு கூப்பிடலாம், இது எல்லாருக்கும் பொது. சிங்கப்பூர்ல இறங்கினப்புறம் சம்பளத் தகராறுன்னா மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர் 6536 2692, ராத்திரியும் எடுப்பாங்க.