ராத்திரி ரெண்டு மணி பால விட்றாதீங்க

குழந்தைக்கு மேல் கை சுத்தளவு 11.5 செ.மீ.க்கு கீழ, ரெண்டு காலும் வீங்கி அமுக்குனா குழி விழுது, கடுமையான சத்துக்குறைவுன்னு தர்மபுரில ஆஸ்பத்திரில சேர்த்திருக்கீங்களா, அப்ப இத படிங்க. பென்னாகரம் பக்கத்துல இருந்து வந்த ஒரு ஆயா, தூக்குல ராகி கூழோட நின்னுகிட்டு "ஏம்மா சிஸ்டரு, இத்தனூண்டு பால குடுத்தா புள்ள எப்ப தேறும்"னு கண்ணுல தண்ணியோட கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆனா ரொம்ப நாளா சத்தில்லாம கெடந்த உடம்புல இதயம், ஈரல், கிட்னி எல்லாமே சோர்ந்து போயிருக்கும், திடீர்னு நெறைய ஊத்துனா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் எறங்கி, நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாயிரும்.

அதனால மொதல்ல எஃப்-75 பால், 100 மில்லிக்கு 75 கலோரிதான். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 130 மில்லி கணக்கு, 6 கிலோ குழந்தைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா 65 மில்லி, வீக்கம் ரொம்ப இருந்தா 50 மில்லி போதும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அத மொதல்ல குடுத்துட்டு அப்புறம் இது.

ராத்திரியும் இதே கணக்குதான், இதுலதான் நெறைய பேரு தூங்கிடறாங்க. ஒரு வேளை விட்டாலே சர்க்கரை எறங்கிரும், உடம்பு சில்லுன்னு ஆயிரும், அழக்கூட தெம்பில்லாம கெடக்கும், பாக்க தூங்குற மாதிரியே இருக்கும். போன்ல அலாரம் வைங்க, தலைக்கு குல்லா போட்டு நெஞ்சோட அணைச்சு வச்சுக்கோங்க.

பாட்டில் வேண்டாம், கிண்ணமும் ஸ்பூனும், இல்லன்னா பாலாடை. மடியில நிமித்தி உக்கார வச்சு, ஒரு வாய் முழுங்குனப்புறம் அடுத்த வாய், மூக்கப் புடிச்சு ஊத்தவே ஊத்தாதீங்க, பொரை ஏறிரும். மிச்சம் எவ்ளோ, வாந்தி எவ்ளோன்னு மறைக்காம சொல்லுங்க, சரியா குடிக்கலன்னா மூக்குல டியூப் போடுவாங்க, அது தண்டனை இல்லம்மா, வயித்துக்கு பால் போய்ச் சேரணும் அவ்ளோதான். குடிச்சப்புறம் மூச்சு வேகமா வாங்குனா அடுத்த வேளை குடுக்காம ஒடனே சிஸ்டர கூப்பிடுங்க.

பேதி ஆனா கடை ஓஆர்எஸ் நீங்களா கலக்கி குடுக்காதீங்க, அதுல இருக்குற உப்பு இவங்களுக்கு அதிகம். இரும்புச்சத்து டானிக்கும் ஆரம்பத்துல கூடாது. வீக்கம் வடியும்போது எடை கொறையும், அத பாத்து பயந்து வீட்டுக்கு கூட்டிட்டு போயிராதீங்க.

பசி வந்து தானா கிண்ணத்துக்கு கை நீட்டும் பாருங்க, அப்பதான் எஃப்-100, அதாவது 100 மில்லிக்கு 100 கலோரி இருக்குற அடுத்த கட்ட பால். ரெண்டு நாள் அதே அளவு, அப்புறம் வேளைக்கு 10 மில்லியா ஏத்தி, கொஞ்சம் மிச்சம் வைக்கிற வரைக்கும். கிலோவுக்கு தினம் 10 கிராம் ஏறுனா நல்லா தேறுதுன்னு அர்த்தம், அதாவது 6 கிலோவுக்கு 60 கிராம்.

ஆயாவோட ராகியும் அப்புறம் வரலாம், கஞ்சியா காச்சி, பாலும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேத்து. வீட்டுக்கு போனப்புறமும் அங்கன்வாடில கை சுத்தளவு பாக்குற கலர் டேப் சிவப்பு, மஞ்சள் தாண்டி பச்சைக்கு, அதாவது 12.5 செ.மீ.க்கு வர்ற வரைக்கும் அளந்து பாத்துகிட்டே இருங்க.